முன்பாரம் எவ்வளவு?

மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிடப் போனால் இரவு அங்கேயே தங்க வேண்டும். வருசநாட்டுப் பக்கம், பொட்டல் வெளி, இரண்டு புளியமரம், ஒரு அடிபம்பு. எனக்கும் பிள்ளைகளுக்கும் அது கொண்டாட்டம். அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம் வந்த பிறகு தரையில் உட்காரவும் முடியவில்லை, இருட்டில் ஒதுங்குவதற்கு நடக்கவும் முடியவில்லை. "இனிமே என்னைய விட்ருங்கப்பா, நீங்க போயிட்டு வாங்க" என்று ஒரு வருடம் சொல்லிவிட்டார். அந்த வருடம்தான் பொலிரோவுக்குப் பின்னால் கட்டி இழுக்கிற மாதிரி ஒரு சின்னப் பெட்டி வண்டி செய்வது என்று முடிவெடுத்தேன்.

ஒன்பதடி நீளம், ஒற்றை அச்சு, இரண்டு படுக்கை, மூலையில் ஒரு கழிப்பறை, 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, ஒரு சின்ன அடுப்பு. கப்பலூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் செய்யக் கொடுத்தேன். மூன்று மாதம் அலைந்தேன். மெத்தை என்ன தடிமன், ஜன்னலுக்கு எந்தக் கொசுவலை, சன்மைக்கா என்ன நிறம் என்று வீடே கூடிப் பேசியது. பெட்டியை வண்டியோடு கோர்க்கிற இணைப்பு, அதாவது ஹிட்ச், எதுவாக இருக்க வேண்டும் என்று யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும்தான். பெயிண்ட் காய்ந்து, எடுத்துப் போகலாம் என்ற அன்றைக்குத்தான் அந்தக் கேள்வியே வந்தது.

வெல்டர் யோசிக்கவே இல்லை. "அண்ணே, டிராக்டர்ல அஞ்சு டன் கரும்பே ஒத்தப் பின்னுலதான் போகுது. உங்க பொட்டி என்ன, அரை டன்னு இருக்குமா?" என்றான். பொலிரோவின் பின்பக்கக் கார்டில், அதாவது பம்பரைக் காக்கிற இரும்புச் சட்டத்தில், ஒரு தடித்த பிளேட்டைப் பற்றவைத்து, துளை போட்டு, ஒரு இன்ச் பின்னைச் சொருகிக் கொடுத்துவிட்டான். பார்க்க யானையைக் கட்டலாம் போலத்தான் இருந்தது.

ரிங் ரோட்டில் ஒரு சுற்றுப் போனதும் புரிந்தது. கியர் மாற்றும்போதெல்லாம் டக், பிரேக் தொட்டால் டக். பின்னுக்கும் துளைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் பெட்டி முன்னும் பின்னும் ஓடி இடித்துக்கொண்டே வருகிறது. அவன் சொன்னதில் தவறு இல்லை, டிராக்டர் கரும்பை அப்படித்தான் இழுக்கிறது. ஆனால் டிராக்டர் போவது மெதுவாக. அந்த வேகத்தில் இந்த ஆட்டம் ஒரு பொருட்டில்லை. உண்மையில் அந்தத் தளர்ச்சி இருப்பதால்தான் வரப்பு ஏறும்போது ட்ரெய்லர் ஒரு பக்கம் சாய்ந்தாலும் பின் தாங்குகிறது. 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் அதே தளர்ச்சி சுத்தியலாகிவிடும். ராணுவ லாரிகளில் பார்க்கிற கொக்கியும் வளையமும் கொஞ்சம் இந்த ஜாதிதான். கரடுமுரடான பாதைக்கு அதுபோல உறுதி எதுவும் கிடையாது, ஆனால் சத்தமும் இடியும் கூடவே வரும். அம்மா படுக்கப் போகிற வண்டிக்கு அது சரிப்படாது.

அடுத்து உருண்டைக்கு மாறினேன். இரும்பு உருண்டை ஒன்று வண்டியில், அதன்மேல் கவிழ்கிற குமிழ் ட்ரெய்லரின் மூக்கில். இந்தக் குமிழைக் கப்ளர் என்பார்கள். மேலே கீழே, இடம் வலம், முறுக்கு என மூன்று அசைவுக்கும் இடம் கொடுக்கும், ஆனால் முன்னும் பின்னும் ஓடவிடாது. சின்னப் பயண ட்ரெய்லருக்கு இதுதான் ஏற்றது, அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் சறுக்கியது அளவில்.

கப்ளரில் 50 என்று பொறித்திருந்தது, அதாவது 50 மில்லிமீட்டர். உருண்டை வாங்கிய கடையில் "ரெண்டு இன்ச்சு, எல்லாத்துக்கும் செட் ஆகும் சார்" என்று ஒன்றைக் கொடுத்தார்கள். போட்டேன், பூட்டு விழுந்தது. பழைய பிளேட்டிலேயே மாட்டிக்கொண்டு, அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, உசிலம்பட்டி சாலையில் கிளம்பினேன். செக்கானூரணிப் பக்கம் ஒரு வேகத்தடை. மெதுவாகத்தான் ஏறினேன். முன்சக்கரம் இறங்கி, பின்சக்கரம் இறங்கி, பின்னாலிருந்து ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தால் பெட்டியின் மூக்கு தார்ச்சாலையைக் கீறிக்கொண்டு வருகிறது.

கழன்று எதிர் வண்டியில் மோதாமல் காப்பாற்றியது ஒரு சங்கிலி. நான் கேட்காமலேயே அந்த வெல்டர் பழக்கதோஷத்தில் பற்றவைத்துக் கொடுத்தது. அந்த ஒற்றைப் பின்னைச் சொருகிய விஷயத்தில் அவன் மேல் எனக்கு இருந்த வருத்தமெல்லாம் அன்றோடு போயிற்று.

வீட்டுக்கு வந்து வெர்னியர் வைத்து அளந்தால் உருண்டை 47.6 மில்லிமீட்டர். அமெரிக்க அளவில் ஒன்றே முக்கால் இன்ச்சுக்கும் இரண்டு இன்ச்சுக்கும் நடுவே இன்னொன்று இருக்கிறது, ஒன்று, ஏழின் கீழ் எட்டு. கடைக்காரர் கொடுத்தது அது. சரியான இரண்டு இன்ச் என்றால் 50.8. நம் ஊரில் ஐரோப்பிய 50-உம் புழங்குகிறது, அமெரிக்க 50.8-உம் வந்து விழுகிறது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்கூடக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. சின்ன உருண்டை பெரிய கப்ளரில் நன்றாகவே பூட்டும், மேடு பள்ளத்தில் மூக்கு துள்ளும்போதுதான் நழுவும். பெரிய உருண்டையானால் கப்ளர் முழுசாக இறங்காமல் பூட்டு அரைகுறையாக நிற்கும். உருண்டையின் தலையிலும் கப்ளரிலும் அளவு பொறித்திருக்க வேண்டும். பொறிப்பு இல்லாததை வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைவானாலும் சரி.

இன்னொரு சோதனையும் அன்றே கற்றுக்கொண்டேன். கப்ளரைப் பூட்டியபின் ட்ரெய்லரின் ஜாக்கியைத் திருப்பி மூக்கை மேலே தூக்கிப் பாருங்கள். வண்டியின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் பூட்டு பிடித்திருக்கிறது. கப்ளர் மட்டும் எழும்பினால் பிடிக்கவில்லை. அரை நிமிட வேலை. இன்றைக்கும் இதைச் செய்யாமல் நான் வண்டியை எடுப்பதில்லை.

சங்கிலியிலும் ஒரு பாடம் இருந்தது. ஒற்றைச் சங்கிலியாக இருந்ததால் மூக்கு தரையில் விழுந்தது. இரண்டு சங்கிலி போட்டு, கப்ளருக்கு அடியில் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே மாட்டினால், கழன்ற மூக்கு அந்தத் தூளியில் விழும், ரோட்டைத் தொடாது. திரும்பும்போது இழுபடாத அளவு தளர்ச்சி வேண்டும், தரையில் உரசவும் கூடாது.

அந்தப் பிளேட்டைக் கழற்றியபோது வயிற்றைக் கலக்கியது. பின்பக்கக் கார்டைப் பிடித்திருந்த போல்ட்டுகள் வளைந்திருந்தன. கார்டும் பம்பரும் இழுப்பதற்குச் செய்தவை அல்ல. ஹிட்ச் வண்டியின் இரண்டு பக்கச் சேஸிஸ் சட்டங்களையும் பிடித்திருக்க வேண்டும். பொலிரோ போல ஏணிச் சட்டம் உள்ள வண்டிகளில் அதற்கு இடம் கிடைக்கும். தனிச் சேஸிஸ் இல்லாத கார்களில் தயாரிப்பாளர் குறித்த இடத்தில் மட்டுமே பொருத்தலாம். சில கார்களை வைத்து எதையும் இழுக்கவே கூடாது என்று கையேட்டிலேயே போட்டிருக்கும், முதலில் அந்தப் பக்கத்தைப் புரட்டுங்கள்.

மூன்றாவது முறை பட்டறைக்குப் போனபோது நான் கொஞ்சம் தெளிந்திருந்தேன். ரிசீவர் என்கிற சதுரக் குழாய் வண்டியில் நிலையாக இருக்கும், அதில் சொருகிக் கழற்றுகிற உருண்டைத் தாங்கி. சேஸிஸில் வெல்டிங் வேண்டாம், சூடு பட்ட இடத்தில் இரும்பின் குணம் மாறும், போல்ட்தான் என்று அடம்பிடித்தேன். போல்ட் தலையில் 8.8 என்று வலிமைத் தரம் பொறித்தவை. சேஸிஸ் பெட்டிச் சட்டமாக இருக்கும் இடத்தில் போல்ட்டை இறுக்கினால் சட்டம் நசுங்கும். அதனால் உள்ளே ஒரு குழாய்த் துண்டைக் கொடுத்து, அதற்குள் போல்ட்டை விட்டு இறுக்கினோம். முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாவற்றையும் மறுபடி இறுக்க வேண்டும். உருண்டைக்கு அடியில் இருக்கிற நட்டையும்தான், அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

ரிசீவர், தாங்கி, உருண்டை, கப்ளர் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாங்குதிறன் உண்டு. இருப்பதிலேயே குறைந்தது எதுவோ அதுதான் மொத்த ஹிட்சின் கணக்கு. வெளிநாட்டுச் சாமான் வாங்குகிறவர்களுக்கு: அமெரிக்க முதல் வகுப்பு ஹிட்ச் 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ இழுக்கும். உருண்டைமேல் 90 கிலோ அமுக்கலாம். ஐரோப்பியச் சாமானில் தகட்டில் எஸ் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இருப்பது இந்த அமுக்கும் கனம், கிலோவில். டி என்பது இழுவைக்கு. பெரும்பாலானவர்கள் இழுக்கும் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு வாங்குவார்கள். நானும் அப்படித்தான். அந்த இன்னொரு எண் எதற்கு என்று எனக்குப் புரிய ஆடி மாதம் வர வேண்டியிருந்தது.

ஆடியில், சிவராத்திரிக்கு முன் ஒரு வெள்ளோட்டமாக, தேனிக்குப் போனோம். ஆண்டிபட்டி கணவாய் தாண்டி இறக்கம். மேற்கே இருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. 70-இல் போயிருப்பேன். ஒரு பேருந்து எங்களை முந்தியது. அது கடந்து போன மறுகணம் பின்பக்கம் இடதுபுறம் இழுத்தது, அப்புறம் வலது, மறுபடி இடது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிது. பெட்டி வாலை ஆட்டுகிறது, வண்டி அதோடு சேர்ந்து ஆடுகிறது. கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. அப்பா என் தொடையில் கையை வைத்து அழுத்தினார். "மிதிக்காத. ஸ்டியரிங்க நேரா புடி." ஆக்சிலேட்டரை மட்டும் விட்டேன். வேகம் 50-க்கு வந்ததும் ஆட்டம் தானாக அடங்கியது.

பிறகு படித்தபோது அவர் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. பிரேக்கை மிதித்தால் முன்வண்டி நிற்கும், பிரேக் இல்லாத பெட்டி தள்ளும், குறுக்கே மடங்கிக்கொள்ளும். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பித் திருப்பிச் சமாளிக்கப் பார்த்தால் ஆட்டத்துக்கு நாமே எண்ணெய் ஊற்றுகிறோம். அப்பா வாழ்க்கையில் கார் ஓட்டியதில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன். "இறக்கத்துல மாடு மிரண்டா மூக்கணாங்கயித்த வெடுக்குனு இழுப்பாங்களா?" என்றார்.

அன்று இரவு டெக்சாஸில் இருக்கும் பெரியப்பா மகனுக்குப் போன் போட்டேன். அவன் அங்கே இருபத்தைந்து அடி வண்டி வைத்திருக்கிறான். "அண்ணே, வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் வாங்குங்க, ஆட்டம் அடக்குற கம்பியும் சேர்த்து வாங்குங்க" என்றான். அவன் அனுப்பிய விலையைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் அதை ஆர்டர் போடுகிற யோசனையில் இருந்தேன்.

அப்பா பெட்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். மூக்கைக் கையால் பிடித்துத் தூக்கினார். எழுபத்திரண்டு வயது மனிதர், ஒற்றைக் கையால் தூக்கிவிட்டார்.

"டேய், இதுல முன்பாரமே இல்லையேடா."

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இது பாலபாடம். அச்சுக்குப் பின்னால் மூட்டை கூடினால் ஏர்க்கால் மேலே கிளம்பும், நுகத்தடி எழும்பும், பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை நெரிக்கும். வண்டி பின்னால் ஆடிக்கொண்டே வரும். முன்னால் கூடினால் மாட்டின் கழுத்து புண்ணாகும். மூட்டை ஏற்றி முடித்ததும் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்ப்பார்களாம். கொஞ்சம் கனக்க வேண்டும், முக்க வைக்கக் கூடாது. ஹிட்சின் தகட்டில் நான் பார்க்காமல் விட்ட அந்த இன்னொரு எண் இதுதான்.

கைக்கணக்கை விட்டு நிஜக் கணக்கு எடுத்தோம். தண்ணீர் நிரப்பி, பாத்திரம் பண்டமெல்லாம் ஏற்றி, எடை மேடையில் பெட்டியைத் தனியாகக் கழற்றி நிறுத்தினால் 640 கிலோ. பரவை மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் சித்தப்பா மகனிடமிருந்து மூட்டை நிறுக்கும் தராசு வாங்கி வந்தேன். சமதரையில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, உருண்டை இருக்கும் உயரத்துக்கு ஒரு மரத்துண்டை வெட்டி, தராசின் மேல் நிறுத்தி, அதன்மேல் கப்ளரை இறக்கினோம். 16 கிலோ. 640-க்கு 16 என்றால் இரண்டரை சதவீதம்.

அமெரிக்காவில் 10 முதல் 15 சதவீதம் வேண்டும் என்பார்கள். பிரிட்டனில் 5 முதல் 7 போதும் என்கிறார்கள், அங்கே கேரவன் கட்டும் முறையும் வேகமும் வேறு. எந்தக் கணக்கில் பார்த்தாலும் என் பெட்டி தேறவில்லை. ஆட்டம் அடக்கும் கருவி எதுவும் போடப் போவதில்லை என்பதால் நான் 10-க்கு மேல் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

தவறு எங்கே என்று தேட வேண்டியதே இல்லை. இடம் மிச்சம் என்று தண்ணீர்த் தொட்டியைக் கடைசியில், அச்சுக்கு மூன்றடி பின்னால் வைத்திருந்தார்கள். அழகுக்காக ஸ்டெப்னியைப் பின்சுவரில் மாட்டச் சொன்னது நான். தொட்டியை அச்சுக்கு ஓரடி முன்னால், தரைக்கு அடியில் இறக்கினோம். ஸ்டெப்னி மூக்குச் சட்டத்துக்குப் போனது. மறுபடி தராசு: 71 கிலோ. பதினோரு சதவீதம். தொட்டியை இன்னும் முன்னால் தள்ளியிருக்கலாம், ஆனால் அச்சுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் நிறைந்திருந்தாலும் காலியானாலும் முன்பாரம் அதிகம் மாறாது.

டெக்சாஸ் ஹிட்சை வாங்கவில்லை. அது கெட்ட சாமான் என்பதல்ல. மூக்குக் கனம் அதிகமாகி முன்வண்டியின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரத்தின் பிடி குறைகிற பெரிய ட்ரெய்லர்களுக்கு அது தேவை. அதிலுள்ள வில்கம்பிகள் அந்தக் கனத்தில் ஒரு பங்கை முன் அச்சுக்கும் ட்ரெய்லர் அச்சுக்கும் பகிர்ந்து கொடுக்கும். 71 கிலோவுக்கு அது வேண்டாம். பாரத்தைத் தப்பாக ஏற்றிவிட்டு அந்த ஹிட்சை மாட்டினால் நோய் இருக்கும், வலி மட்டும் மறையும். பிக்கப் வண்டியின் பின்தளத்துக்குள் பூட்டுகிற வகைகளும் உண்டு, நம் அளவு வண்டிக்கு அந்தப் பேச்சே இல்லை.

உயரம் மட்டும் பாக்கி. பெட்டி சமமாக நிற்கும்போது கப்ளர் உயரம் 43 சென்டிமீட்டர். பொலிரோவில் ரிசீவர் இருந்தது 52-இல். நேரான தாங்கி போட்டால் பெட்டி அண்ணாந்து பார்த்துக்கொண்டு போகும், பாரமும் பின்னால் சரியும். அதனால் கீழே இறங்கி வளைந்த தாங்கி. ஆனால் காலி வண்டியில் அளந்து செய்யாதீர்கள். குடும்பத்தை உட்காரவைத்து, மூக்குக் கனத்தையும் ஏற்றி, பட்டை ஸ்பிரிங் அமுங்கிய பிறகு அளங்கள். எங்களுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கியது.

மற்றவை சில்லறை. பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் ஏழு பின் சாக்கெட் வழியாகப் போகின்றன, வயரைச் சங்கிலியோடு சேர்த்துக் கட்டாதீர்கள். ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேல் போனால் ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். என்னுடையது அதற்குள் இருக்கிறது, என்றாலும் நிற்கும் தூரம் நன்றாகவே கூடுகிறது. நான் 60-ஐத் தாண்டுவதில்லை. ரிவர்ஸ் எடுக்க, கையை ஸ்டியரிங்கின் அடியில் வைத்து, பெட்டி போக வேண்டிய பக்கம் கையை நகர்த்துங்கள். இதை எழுதுவது எளிது. எங்கள் தெருவில் ஒரு மின்கம்பம் என் பயிற்சிக்குச் சாட்சி.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி ட்ரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். பதிவு வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும். வண்டியில் செய்கிற மாற்றங்களுக்கும் 52-ஆம் பிரிவு இருக்கிறது. பட்டறைக்குப் போவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். நான் செய்து முடித்துவிட்டுப் போனேன். அது தனிக் கதை, வேறொரு நாள் எழுதுகிறேன்.

மாசியில் அம்மா வந்தார். அதே கணவாய், அதே இறக்கம். லாரி ஒன்று உரசுகிற மாதிரி முந்திப் போனது. பெட்டி ஒரு முறை லேசாக அசைந்து அடங்கியது. அம்மா கவனிக்கக்கூட இல்லை, பேத்திக்குப் பூக் கட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை திரும்பும்போது தொட்டியில் தண்ணீர் தீர்ந்திருந்தது. பொங்கல் வைத்த இரண்டு பெரிய அண்டாக்களையும் கழுவி, கதவுக்குப் பக்கம் ஏற்றுவது வசதி என்று பின்பக்கம் வைத்துவிட்டு மச்சான் கையைத் துடைத்தார். நான் சங்கிலியைக் குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தேன். அப்பா வந்தார். மூக்கைப் பிடித்து ஒரு தடவை தூக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பெட்டிக்குள் ஏறி, அண்டாக்களை ஒவ்வொன்றாக முன்னால் நகர்த்த ஆரம்பித்தார்.